பட்டப்பெயரும் சொந்தப் பெயரும்: மாற்றுத்திறனாளிகள் உரிமை என்றால் என்ன?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் யாருடைய வீட்டையாவது தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். “பட்டப்பேரு என்னலா? அதைச் சொல்லுங்க” என்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே லயத்தில் மூன்று முனியாண்டியும் நான்கு ராமாயியும் இருந்தால் ஆளைப் பிரித்துச் சொல்ல ஏதாவது ஒட்டு வேண்டியிருக்கிறது. நெட்டை, குட்டை, பால் ஸ்டோர் மாமா, ஆயக்கொட்டகைப் பாட்டி என்று ஆளுக்கு ஒன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கிராணியார் செக்ரோல் என்ற பெயர்ப் பட்டியலைப் படித்த காலத்துப் பழக்கம் அது. பலவும் பாசத்தில் பிறந்தவை.

அதே வரிசையில் வேறு சில பெயர்களும் உண்டு. நொண்டி, குருடி, செவிடன், ஊமை, கூனி. நெட்டை என்று கூப்பிட்டால் அந்த ஆளுக்கு நட்டம் ஒன்றுமில்லை. உயரமானவருக்கு வேலையும் கிடைக்கும், பெண்ணும் கிடைக்கும், கோயில் கமிட்டியில் நாற்காலியும் கிடைக்கும். நொண்டி என்று கூப்பிடப்படுகிறவருக்கோ அந்தப் பெயரே தீர்ப்பாகிவிடுகிறது. “அவனால எங்க முடியப்போவுது” என்ற முடிவு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமை என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டத்திலிருந்து தொடங்காமல் ஆட்களின் பெயரிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இரக்கப்படுவதற்கு எதிரில் இருப்பவரின் பெயர் தேவைப்படுவதில்லை. கோயில் வாசலில் தட்டில் காசு போடுகிறவர் யாரும் பெயர் கேட்டுவிட்டுப் போடுவதில்லை. உரிமை அப்படி நடக்காது. பிறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, சம்பளச் சீட்டு, வாக்காளர் பட்டியல், வீட்டுக் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) என்று எதை எடுத்தாலும் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் பெயர்தான். ஒருவர் தன் சொந்தப் பெயரோடு கணக்கில் வருவதிலிருந்துதான் உரிமை ஆரம்பிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குறை எங்கே இருக்கிறது?

நம் டவுன்களில் பழைய கடைவரிசைகளின் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், நடந்து பாருங்கள். ஒரு கடையின் தரைக்கும் அடுத்த கடையின் தரைக்கும் ஒரு சாண் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். நடுவில் ஒரு படி. படியை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள். நடக்க முடிந்தவர்கள் இதைக் கவனிப்பதுகூட இல்லை, ஏறி இறங்கிப் போய்விடுகிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவர் சாலையில் இறங்கி, லாரிக்கும் காருக்கும் நடுவே உருண்டு, அடுத்த கடையில் ஏற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழி இல்லையென்றால் வெயிலில் நின்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டுக் கடைப் பையன் வெளியே வருவான். வந்தவன் அவரைப் பார்க்க மாட்டான். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த தங்கச்சியைப் பார்த்து, “இவருக்கு என்னக்கா வேணும்?” என்று கேட்பான்.

இதில் குறை எங்கே இருக்கிறது? அவர் காலில் என்றுதான் காலம்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். பாவம், போன ஜென்மத்து வினை, நம்மால் ஆனதைக் கொடுப்போம் என்பது ஒரு பதில். ஈப்போ ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், டாக்டர் சரிபண்ணுவார் என்பது இன்னொரு பதில். இரண்டுமே அவர் உடம்பைத்தான் பார்க்கின்றன. மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: குறை அந்தப் படியில் இருக்கிறது. படி இருந்த இடத்தில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டால் அவர் கால் மாறப்போவதில்லை, ஆனால் அவரே உள்ளே போய்த் தனக்கு வேண்டிய மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

உரிமை இயக்கம் முழுவதும் நிற்பது இந்த மூன்றாவது பதிலின் மேல். அதைக் கண்டுபிடித்தவர்கள் நிபுணர்கள் அல்லர், மாற்றுத்திறனாளிகளே. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்த பால் ஹன்ட், 1972-ல் கார்டியன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களை இப்படித் தனியே ஒதுக்கி வைப்பதை எதிர்க்க ஒன்றுசேர்வோம் என்பது அதன் சாரம். அதிலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. உடலில் உள்ள குறை வேறு, சமுதாயம் அதன் மேல் ஏற்றி வைக்கும் தடை வேறு என்று 1976-ல் அந்தச் சங்கம் எழுதி வெளியிட்டது. 1983-ல் மைக் ஆலிவர் என்ற அறிஞர் இந்தப் பார்வைக்குச் ‘சமூக மாதிரி’ என்று பெயர் கொடுத்தார். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்.

இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1980-ல் கனடாவின் வினிப்பெக் நகரில் மறுவாழ்வு நிபுணர்களின் உலக மாநாடு நடந்தது. நிர்வாகத்தில் பாதி இடம் எங்களுக்கு வேண்டும் என்று அங்கே வந்திருந்த மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. வெளியே வந்து தங்களுக்கென ஓர் உலக அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் முதல் மாநாடு 1981-ல் நடந்த இடம் நம் பக்கத்துச் சிங்கப்பூர். முதல் தலைவர் பார்வையற்ற சிங்கப்பூர்க்காரர் ரோன் சந்திரன்-டட்லி. எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவுசெய்யாதீர்கள் என்பது பின்னாளில் உலகம் முழுவதும் ஒலித்த முழக்கம். கடைப் பையன் தங்கச்சியைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அந்த முழக்கத்தில் பதில் இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். படியை இடித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இயக்கத்திலேயே யாரும் சொல்வதில்லை. வலி வலிதான். செம்பனைக் குலை முதுகில் விழுந்து படுத்துவிட்டவருக்கு இரவில் வரும் நோவு சாய்தளத்தால் அடங்காது. அவருக்கு மருந்தும் வேண்டும், 1971 முதல் இயங்கிவரும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பணமும் வேண்டும். ஆனால் மருந்தும் பணமும் கொடுத்துவிட்டு வீட்டிலேயே உட்கார வைத்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

சட்டத்தில் பெயர்

மலேசியாவில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், எண் 685. அந்த ஆண்டு ஜூலை 7-ல் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடங்கள், பொதுப் போக்குவரத்து, கல்வி, வேலை, மருத்துவம் எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கும்போதே, நீண்டகாலக் குறையோடு ‘பல்வேறு தடைகளும்’ சேர்ந்து ஒருவர் சமுதாயத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போவதை அது கணக்கில் எடுக்கிறது. அஞ்சடியில் நாம் பார்த்த படி சட்டப் புத்தகத்துக்குள்ளும் வந்துவிட்டது என்று பொருள்.

வந்த மட்டும் நல்லது, பல் இல்லை என்பதுதான் குறை. சமவாய்ப்பு தராதவருக்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இல்லை. அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுவதற்கும் 41-ஆம் பிரிவு தடை வைத்திருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகிய காரணங்களுக்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பால் என்பதே 2001-ல்தான் சேர்க்கப்பட்டது. உடற்குறை இன்னும் அந்த வரிசையில் இல்லை.

இனி பெயருக்கு வருகிறேன். 2006 டிசம்பர் 13-ல் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 18-ஆம் பிரிவு, உடற்குறையோடு பிறக்கும் குழந்தையைப் பிறந்த உடனே பதிவுசெய்ய வேண்டும், பிறப்பிலிருந்தே அதற்கு ஒரு பெயருக்கு உரிமை உண்டு, குடியுரிமை பெறவும் உரிமை உண்டு என்கிறது. உலக நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தத்தில் பெயருக்கு எதற்கு ஒரு பிரிவு என்று தோன்றலாம். பல ஊர்களில் இப்படிப்பட்ட குழந்தைகளை மறைத்து வைத்தார்கள், பதிவே செய்யாமல் விட்டார்கள். எப்படியும் நிலைக்காது என்று பெயர் வைக்காமலே விட்ட வீடுகளும் உண்டு. பதிவில் இல்லாத குழந்தை காணாமல் போனாலும் கேட்க நாதியில்லை.

மலேசியா 2010 ஜூலை 19-ல் இந்த உடன்படிக்கையை ஏற்றது. ஏற்கும்போதே 15, 18 ஆகிய இரண்டு பிரிவுகளுக்கும் தான் கட்டுப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பெயரும் குடியுரிமையும் உண்டு என்று சொல்லும் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவிலும் நம் நாடு இதே நிலையில்தான் இருக்கிறது. குடியுரிமைச் சிக்கல்தான் இதன் அடியில் இருக்கிறது என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குரிய சிவப்பு ஐசியோடு காலம் தள்ளிய தாத்தாக்களும், பிறப்புப் பத்திரம் இல்லாமல் ஆறாம் வகுப்பைத் தாண்டத் திணறிய பிள்ளைகளும் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் காதும் கேட்காது என்றால் கதவுகள் இரண்டு மடங்காகச் சாத்திக்கொள்கின்றன. பத்திரம் இல்லாவிட்டால் ஓகேயு கார்டு என்ற மாற்றுத்திறனாளி அட்டை இல்லை. கார்டு இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. உடற்குறையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-ல் வந்தது. ஆனால் பள்ளிக்கூட வாசலுக்குப் போகவே ஒரு தாள் வேண்டியிருக்கிறது.

அதனால் முதல் வேலை குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிவுசெய்வது. பதியும்போது பெயரின் எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பெயர்கள் மலாய் எழுத்துக்கூட்டலுக்குள் நுழையும்போது படும்பாடு எல்லாருக்கும் தெரியும். ‘ழ’ ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி. என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், மருத்துவ அறிக்கையில் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவள் அம்மா பட்ட அலைச்சலில், பயிற்சி வகுப்பு தொடங்கிய காலம் கடந்துவிட்டது. பேச்சு வராத பிள்ளை. தன் பெயரைத் தானே சொல்லித் திருத்த முடியாத பிள்ளை. யாரோ அவசரத்தில் தட்டச்சு செய்த ஓர் எழுத்துக்காக அவள் காத்திருந்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஓகேயு கார்டு சமூக நல இலாகா தருவது. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறை என்று ஏழு பிரிவுகள். பதிவு கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. டாக்டர் சான்று தர வேண்டும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் நம் பக்கத்து ஆட்கள் போக வேண்டியது கோலகங்சார் அலுவலகம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பெண் பிள்ளைக்குக் கார்டு எடுத்தால் நாளை மாப்பிள்ளை வராது என்று தயங்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பயம் பொய்யானதல்ல, ஊர் அப்படித்தான் பேசுகிறது. ஆனால் கார்டில் முதலில் இருப்பது அவள் முழுப் பெயர். ஊர் வைத்த பட்டப்பெயர் இல்லாத ஒரு தாள் அது.

நம் பெயர்கள் என்ன சொல்கின்றன

தமிழில் பெயர் வைப்பது ஒரு வேண்டுதல். முதல் இரண்டு குழந்தைகள் தக்காமல் போன வீட்டில் மூன்றாவதுக்குக் குப்பன், குப்பாயி, பிச்சை என்று வைத்தார்கள், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. பெண் போதும் என்று நினைத்த வீட்டில் ஒரு குழந்தைக்குப் போதும்பொண்ணு என்றே பெயர் விழுந்தது. பிள்ளைக்கு முன்பே பெயர் ஒரு கதையைச் சுமந்து நிற்கும்.

கயல்விழி, மீனாட்சி, விசாலாட்சி, அங்கயற்கண்ணி எல்லாம் கண்ணைப் பாடும் பெயர்கள். பெயர் வைக்கும்போது குழந்தைக்குப் பார்வை இல்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. பிறகு ஊர் விடுமா? “பேரு கயல்விழி, பார்வைதான் இல்ல” என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். பெயர் மருத்துவ அறிக்கை அல்ல. மீனாட்சி என்ற பெயர் மதுரையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டியின் பெயராக இருக்கலாம், குலதெய்வமாக இருக்கலாம். பார்வையில்லாத மீனாட்சிக்கு அந்தப் பெயரின் மேல் உள்ள பாத்தியதை, பார்வையுள்ள மீனாட்சிக்கு உள்ளதைவிட இம்மியும் குறைந்ததல்ல.

உடற்குறையே பெயராகி நிலைத்தவர்களும் நம் வரலாற்றில் உண்டு. புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கால் முடமானவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. அவரை நாம் நினைப்பது பாட்டுக்காக. கரிகால் சோழனுக்குச் சின்ன வயதில் நெருப்பில் கால் கருகியதால் அந்தப் பெயர் என்பது ஒரு வழக்கு, யானைகளுக்குக் காலன் என்று பிரித்துப் பொருள் சொல்வோரும் உண்டு. இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கரிகாலன் என்று ஆசையாக வைக்கிறோம். வெந்த கால் அங்கே இழிவாகவில்லை. நாடும் அதிகாரமும் கையில் இருந்த ஒருவருடைய பெயர் என்பதால் அதன் மேல் எந்த ஏளனமும் ஒட்டவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூன்பாண்டியன் கதை வேறு மாதிரி. ஏழாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்டவன், மங்கையர்க்கரசியின் கணவன். ஞானசம்பந்தர் அவன் வெப்பு நோயைத் தீர்க்க, முதுகுக் கூனும் நிமிர, நின்றசீர் நெடுமாறன் ஆனான் என்பது புராணம். பக்தியோடு இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது இதைக் கேட்கும்போது இன்னொரு எண்ணமும் வருகிறது. அங்கே உடம்பு நிமிர்ந்த பிறகுதான் நல்ல பெயர் வந்தது. நிமிராத முதுகோடு வாழ்கிறவர்களுக்கு எப்போது? உரிமை இயக்கம் கேட்பது அதைத்தான். முதுகு எப்படி இருந்தாலும் அவர் நெடுமாறன்தான் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊமைத்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டபொம்மனின் தம்பி. பேச்சு சரியாக வராதவர். 1801-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பி, கம்பெனிப் படையை மாதக்கணக்கில் திணறடித்து, அதே ஆண்டில் தூக்கில் தொங்கியவர். எதிர்த்துப் போரிட்ட வெள்ளைக்காரத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ்கூட அவரை வியந்து எழுதியிருக்கிறார். சைகையால் ஆணையிட்டு ஒரு படையை நடத்திய ஆள். அவருடைய சொந்தப் பெயர் குமாரசாமி. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வீரத்தைக் கொண்டாடுகிற நாமே பெயரை மறந்துவிட்டோம். ஊமைத்துரை என்ற பெயரை அழிக்கச் சொல்லவில்லை, அதுவும் இப்போது பெருமைக்குரியதாகிவிட்டது. குமாரசாமி என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம் என்கிறேன்.

அரசாங்கமும் பெயர் விஷயத்தில் தலையிட்டிருக்கிறது. 2006-ல் நம் பதிவு இலாகா, குழந்தைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் என்று சிலவற்றைச் சொன்னது. கூனன் என்று பொருள்படும் சீனப் பெயர் ஒன்றும் அதில் இருந்தது. குழந்தையைக் காப்பாற்றும் நோக்கம் நல்லதுதான். ஆனால் பிறப்புப் பத்திரத்தில் தடுத்ததை லயத்திலும் பள்ளித் திடலிலும் யாரால் தடுக்க முடியும்? அந்த வேலை நம்முடையது.

உள்ளிருந்து வரும் பெயர்

காது கேளாதவர்களிடம் ஓர் அழகான வழக்கம் உண்டு. அவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் இருக்கும். எழுத்தெழுத்தாக விரலால் காட்டிக்கொண்டிருக்க முடியாது அல்லவா, ஒரே அசைவில் ஆளைக் குறிக்க ஒரு சைகை. கன்னக்குழி, சுருட்டை முடி, சிரிக்கும்போது வாயை மூடும் பழக்கம், புருவத்துத் தழும்பு என்று எதிலிருந்தும் அது பிறக்கும். அதை நாமே வைத்துக்கொள்வதில்லை, கேட்கும் திறன் உள்ளவர்கள் வைப்பதும் இல்லை. காது கேளாதோர் சமூகம் உங்களோடு பழகிப் பார்த்து, உங்களுக்கு ஒன்றைத் தரும். தந்துவிட்டால் நீங்கள் அவர்களில் ஒருவர்.

தழும்பை வைத்துப் பெயர் என்றால் அதுவும் தோட்டத்துப் பட்டப்பெயர் போலத்தானே என்று கேட்கலாம். யார் வைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஒன்று வெளியே நிறுத்துவதற்காக ஒட்டப்படுவது, மற்றது உள்ளே சேர்த்துக்கொள்வதற்காகத் தரப்படுவது.

பினாங்கில் 1954-ல் காது கேளாத பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கியது. ஆரம்ப காலத்தில் வகுப்பில் உதட்டசைவையும் பேச்சையும்தான் வற்புறுத்தினார்கள். பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கையால் பேசி ஒரு மொழியையே உண்டாக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு மலேசிய சைகை மொழியை 2008 சட்டம் அங்கீகரிக்கிறது. உங்கள் தோட்டத்தில் காது கேளாத ஒருவர் இருந்தால், அவர் பெயரைச் சைகையில் எப்படிக் காட்டுவது என்று அவரிடமே கேளுங்கள். ஒரு நிமிட வேலை. கற்றுக்கொண்டு மறுநாள் பாசாரில் தூரத்திலிருந்து அந்தச் சைகையைக் காட்டினால், கூட்டத்தில் கத்திக் கூப்பிடுகிறவர்களை முந்திக்கொண்டு அவர் திரும்பிப் பார்ப்பார்.

எண்ணாகிப் போனவர்கள்

பெயரைப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் கசப்பான சாட்சிகள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மனநலக் காப்பகங்களிலும் அறிவுவளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கான விடுதிகளிலும் இறந்த ஆயிரக்கணக்கானவர்களை வெறும் எண் பொறித்த கல்லின் கீழ் புதைத்தார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. 1994-ல் மாற்றுத்திறனாளிகள் அங்கே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். பழைய பதிவேடுகளைத் தோண்டி, எந்த எண் யார் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு கல்லாக மாற்றிப் பெயர் பொறித்தார்கள். 2010-ல் அந்த மாநிலச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. இறந்தவர்களுக்குப் பெயர் தருவதில் என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு, அந்த வேலையில் இறங்கியவர்களில் பலர் அதே விடுதிகளில் வாழ்ந்து வெளியே வந்தவர்கள் என்பதைச் சொல்வேன். தங்களுக்கு நேர்ந்திருக்கக் கூடியது எது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜெர்மனியில் நாஜிகள் 1940-க்கும் 1941 ஆகஸ்டுக்கும் இடையில் உடற்குறையும் மனநோயும் உள்ளவர்கள் 70,000-க்கும் மேற்பட்டோரை நச்சுவாயுவால் கொன்றார்கள். போர் முடிந்த பிறகும் அந்தப் பெயர்கள் வெகுகாலம் வெளியே வரவில்லை. குடும்பத்துக்கு அவமானம், தனியுரிமை என்றெல்லாம் காரணம் சொல்லப்பட்டது. 2018-ல்தான் ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகம் சுமார் 30,000 பேரின் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டது. குடும்பத்தாலும் பராமரிப்பவர்களாலும் கொல்லப்பட்ட மாற்றுத்திறனாளிகளின் பெயர்களை ஆண்டுதோறும் மார்ச் 1-ல் உரக்கப் படிக்கும் வழக்கத்தை 2012-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்கள் தொடங்கினார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் அந்தக் கூட்டத்தின் மையம்.

ஊரில் என்ன செய்யலாம்

ஒரு தோட்டக் கோயிலில் தீமிதி நோட்டீஸ் பார்த்தேன். நன்கொடையாளர் பட்டியலில் எல்லாரும் ‘திரு. இன்னார் குடும்பத்தினர்’ என்று இருந்தார்கள். ஒருவர் மட்டும் காலைக் குறிக்கும் பட்டப்பெயரோடு இருந்தார். கொடுத்தது மற்றவர்களைப் போலவே 50 ரிங்கிட். அவர் மனைவி மண்டபத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸில் நீலப் பேனாவால் அந்த முதல் சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘திரு.’ போட்டு, கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் நெருக்கி எழுதினார். கமிட்டித் தலைவர் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏன்மா, எல்லாரும் அப்படித்தானே கூப்புடுறோம்” என்றார். “கூப்புடுறது உங்க வாய், அண்ணே. அச்சுல வர்றது எங்க பேரு” என்றார் அந்த அக்கா. அடுத்த ஆண்டு நோட்டீஸில் ‘திரு.’ அச்சிலேயே வந்தது. அந்தக் கணவரின் பெயரை அவர் அனுமதியில்லாமல் இங்கே எழுதப் போவதில்லை, பட்டப்பெயரையும் எழுதப் போவதில்லை.

அந்த அக்கா செய்ததுதான் உரிமைப் போராட்டம். கோலாலம்பூரில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் சக்கர நாற்காலிகளோடு நின்று போராடியவர்கள் செய்ததும் இதே வேலைதான், அளவுதான் வேறு. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நாற்காலியில் வாழும் பத்மாவதி கிருஷ்ணன் 2013-ல் மேலவைக்கு நியமிக்கப்பட்டபோது, மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பெரும்பாலும் மற்றவர்களே பேசிக்கொண்டிருந்த அவையில் ஒரு தமிழ்ப் பெண் தன் பெயரோடு எழுந்து பேச இடம் கிடைத்தது.

நீங்கள் கடை வைத்திருந்தால், வந்தவரிடமே பேசுங்கள், கூட வந்தவரிடம் கேட்காதீர்கள். ஆசிரியராக இருந்தால் பட்டப்பெயர் வகுப்பில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்துதான் எடுக்கிறார்கள். வயதில் மூத்தவரை அண்ணே, அக்கா, ஐயா என்று முறைவைத்துக் கூப்பிடுவது நம் பழக்கம். காலோ கண்ணோ போனதால் அந்த முறை மாறிவிடாது. சிலர் தங்களுக்கு விழுந்த பட்டப்பெயரைத் தாங்களே ஏற்றுக்கொண்டு அப்படியே கூப்பிடச் சொல்வார்கள். அது அவர் விருப்பம், அவர் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். அவர் சொல்லாதவரை அது நம் வாயில் வரக் கூடாது.

நாட்டளவில் கேட்க வேண்டியவை வேறு. அரசியலமைப்பின் 8(2) பிரிவில் உடற்குறையும் சேர வேண்டும். 2008 சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு என்றாக வேண்டும். உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவுக்குக் கட்டுப்படுவதாக மலேசியா சொல்ல வேண்டும். நம் தொகுதி எம்பியிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இந்த மூன்றையும் கேட்கலாம். கேட்கப் போகும்போது தோட்டத்து மாற்றுத்திறனாளிகளையே முன்னால் அழைத்துப் போங்கள். கூட்டத்தை மாடியில் வைக்காதீர்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் அவரவர் பெயரை அவரவர் சொல்கிற எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.